மரத்தரையில் வாஷிங் மெஷின்

ரொம்ப நாள் கழித்து ஒரு பதிவு. வருஷக் கணக்கு முடிப்பு, அது முடிந்ததும் ஆடிட் என்று வழக்கமான சாக்குகள்தான், விடுங்கள். போன வாரம் சிம்லாவுக்கு மாற்றலாகிப் போயிருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். நம்ம ஊர்ப்பக்கம்தான். அங்கே பழைய மர வீடு ஒன்றின் மாடியில் குடியிருக்கிறார்.

"அண்ணாச்சி, வாஷிங் மெஷின் ஸ்பின்னுக்குப் போனா வீடே ஆடுது. நேத்து கீழ்வீட்டுக்காரர் கையில பிச்ச சப்பாத்தியோட மேல ஏறி வந்துட்டார். நீங்க ஷில்லாங்ல இருந்தப்ப இப்படி ஏதோ பாடுபட்டேன்னு சொன்னீங்களே, என்ன பண்ணீங்க?"

ஒரு மணி நேரம் பேசினேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மகள், "இவ்வளவு நேரம் பேசினதுக்கு எழுதியிருக்கலாம்ப்பா" என்றாள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன். இதில் அம்மாவைப் பற்றிச் சில விஷயங்கள் வருகின்றன. அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுல, வயசானா எல்லா வீட்லயும் உள்ளதுதான" என்று சொல்லிவிட்டாள்.

2019 ஜூனில் நாக்பூரிலிருந்து ஷில்லாங்குக்கு மாற்றல். லைதும்க்ரா பகுதியில் வீடு கிடைத்தது. வடகிழக்கில் இருந்தவர்களுக்கு 'அஸ்ஸாம் டைப்' வீடு தெரிந்திருக்கும். தகரக் கூரை, மரச்சட்டம், சட்டங்களுக்கு நடுவே இக்ரா என்கிற நாணல் தட்டியைக் கட்டி மேலே பூசிய சுவர். கீழே பலகைத் தரை. தரை மண்ணில் உட்காராது. இரண்டரை அடி உயரத்துக்குக் கல்லும் மரமுமாகக் குட்டைத் தூண்கள் நிறுத்தி, அதன்மேல் சட்டங்கள் ஓட்டி, அதன்மேல் பலகை அடித்திருப்பார்கள். அடியில் காற்று போகும், பூனை போகும், பிற்பாடு நானும் போனேன்.

ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. 1897 ஜூன் 12 மாலை வந்த பெரிய நிலநடுக்கத்தில் ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் எல்லாம் தரைமட்டமாயின. அதற்குப் பிறகுதான் இந்த மாதிரி லேசான வீடுகள் பரவின. ஆடினாலும் விழாது, விழுந்தாலும் ஆளைக் கொல்லாது என்கிற கணக்கு. ஆடுவதற்கென்றே கட்டிய வீட்டில் நான் கொண்டுபோய் ஃப்ரன்ட் லோடு மெஷினை வைத்தேன்!

ஒரே வீட்டை நடுவே இக்ரா சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பாதியில் நாங்கள். மறு பாதியில் வீட்டுக்காரம்மாவும் அவர் குடும்பமும். காசி இனத்தில் பரம்பரை வீடு கடைசி மகளுக்குத்தான் போகும், பெற்ற தாயைக் கடைசிவரை வைத்துக்கொள்கிற பொறுப்பும் அவளுக்கே. எங்கள் வீட்டுக்காரம்மா கடைக்குட்டி. அங்கே பெண்களை மரியாதையாக 'காங்' என்று கூப்பிடுவார்கள், நம்ம அக்கா மாதிரி. நாங்களும் காங் என்றே கூப்பிட்டோம். அவருடைய தாயாருக்கு அப்போது 78 வயது. பேரப்பிள்ளைகள் 'மெய்ராட்' என்பார்கள், பாட்டி என்று அர்த்தம். எங்களுக்கும் மெய்ராட்தான்.

முதல் ஆறு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் துவைப்போம். அந்த நேரத்தில் காங் வீட்டில் எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருப்பார்கள். வீடு ஆடினால் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். "லேசா ஆடுதுல்ல?" என்று தங்கமணி கேட்பாள். "மரத்தரைன்னா அப்படித்தான்" என்று நான் பேப்பரைப் புரட்டுவேன்.

டிசம்பரில் அம்மா வந்தாள். அப்பா தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆறுமுகநேரி வீட்டில் தனியாக இருக்க வேண்டாம், மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கூட்டிவந்தேன். வாக்கர் வைத்துத்தான் நடப்பாள். சர்க்கரை உண்டு. சிறுநீர் கட்டுப்படவில்லை என்பது வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஊரில் அவளாகவே எப்படியோ துவைத்துச் சமாளித்திருக்கிறாள். ஷில்லாங் குளிரில் ராத்திரிக்கு இரண்டு படுக்கை விரிப்பு. ஆக, தினமும் மெஷின். எங்கள் தெருவில் தண்ணீர் சாயங்காலம்தான் வரும், தொட்டி நிரம்பி மெஷினைப் போட ஒன்பது மணி ஆகிவிடும்.

பிப்ரவரியில் ஒரு நாள் காங் வந்தார். கையில் க்வாய் தட்டு. நம்ம வெற்றிலை பாக்குதான், ஆனால் பாக்கு பச்சையாக, ஈரமாக இருக்கும். பழகாதவர் போட்டால் காது சூடாகி வேர்த்துக் கொட்டும். ஆத்தூர் வெற்றிலை போட்டு வளர்ந்த எங்கம்மாவே முதல் தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தட்டை நீட்டிவிட்டு, ரொம்பத் தயங்கி, காங் சொன்னார். ராத்திரி ஒன்பதரை மணிக்கு அம்மா கட்டிலிலிருந்து எழுந்து முற்றத்துக்கு ஓடுகிறாள். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. கண்ணாடி அலமாரியில் பீங்கான் சத்தம் கேட்டால் போதும், 'ஜுமாய், ஜுமாய்' என்று கத்திக்கொண்டு வெறுங்காலோடு ஓடுகிறாள். ஜுமாய் என்றால் நிலநடுக்கம்.

1950 ஆகஸ்ட் 15 சாயங்காலம் அஸ்ஸாமை உலுக்கிய நிலநடுக்கம், 8.6 அளவு. அப்போது மெய்ராட்டுக்கு எட்டு வயது. அன்றைக்கும் முதலில் கேட்டது அலமாரியில் பீங்கான் சத்தம்தானாம்.

"மெஷின்தான்னு நூறு தடவை சொல்லிட்டேன். தெரியுதுன்னு சொல்றாங்க. அடுத்த நாளும் ஓடுறாங்க" என்றார் காங். வெளியே ஐந்து டிகிரி குளிர். கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்குப் பதில் இருந்திருக்கும்.

மறுநாளே போலீஸ் பஜார் போய் நான்கு ரப்பர் பாதம் வாங்கிவந்து மெஷினுக்கு மாட்டினேன். எல்லாரும் முதலில் செய்கிற காரியம் இதுதான். நண்பரும் ஏற்கெனவே செய்திருந்தார். ஆட்டம் கூடியது! ரப்பர் போதாது என்று நினைத்து அதன் கீழே தேங்காய்நார் மிதியடியை மடித்து வைத்தேன். இன்னும் கூடியது. சிமென்ட் தரையில் ரப்பர் நன்றாகவே உதவும். மரத்தரை தானே வில் மாதிரி வளைந்து கொடுக்கிற சாமான். வில்லின் மேல் இன்னொரு வில்லை வைத்தால் மெஷின் குதிக்காமல் என்ன செய்யும். அன்று ராத்திரி மெஷின் நடந்தே வந்து பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு அறை நடுவில் நின்றது. மெய்ராட் ஓடினார். கூடவே எங்கள் மகளும் ஓடினாள்.

அப்புறம் மார்ச் 25, ஊரடங்கு. எனக்குப் பாங்க் உண்டு, தினமும் போய்வர வேண்டும். மெக்கானிக் யாரும் வர வழியில்லை. அம்மா திரும்பிப் போகவும் வழியில்லை. காங்கிடம் சொல்லிவிட்டு மெஷினை நிறுத்தினோம். நானும் தங்கமணியும் பாத்ரூமில் கையால் துவைத்து, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்து காயப்போட்டோம். அங்கே ஏப்ரலிலேயே மழை ஆரம்பம். மூன்று நாள் ஆனாலும் போர்வை காயாது, ஒரு வாடை வேறு. உள்ளறை முழுக்கக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அம்மா கட்டிலில் படுத்தபடி அந்தத் துணிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் தங்கமணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அத்தை தண்ணியே குடிக்கிறதில்லை. தலைமாட்டுல வைக்கிற சொம்பு நாலு நாளா அப்படியே இருக்கு. உதடெல்லாம் வெடிச்சிருக்கு பாருங்க."

அம்மாவிடம் கேட்டால் முதலில் தாகமில்லை என்றாள். விடாமல் கேட்டதும், "அந்தக் கிழவி பாவம்ல. எனக்காவத்தான மெஷினு போட்டிய. இப்ப நீங்க ரெண்டு பேரும் ராத்திரி பதினோரு மணிக்கு முறுக்கிக்கிட்டு நிக்கிய. தண்ணி குடிக்கலன்னா ஒண்ணும் இல்லைல்லா" என்றாள். சர்க்கரை உள்ள உடம்பு. டாக்டரிடம் போனில் கேட்டோம், நன்றாகத் திட்டினார். சொம்பு காலியாகிறதா என்று பார்ப்பது அன்று முதல் மகளின் வேலை.

அந்த வார இறுதியில் ஒரு பழைய லெட்ஜர் நோட்டை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். பி.காம். படித்தவனுக்குத் தெரிந்தது அதுதான், பத்தி போட்டு எழுதுவது. என்ன துணி, எவ்வளவு, என்ன வேகம், எவ்வளவு ஆட்டம். ஆட்டத்தை அளக்கத் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர். அலை எழும்புகிறதா, சிந்துகிறதா. மெய்ராட்டைப் பகலில் காங்கின் தம்பி வீட்டுக்கு, அடுத்த வாசல்தான், அனுப்பிவைத்துவிட்டுச் சோதனை.

மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். டிரம்மில் ஒரு பக்கமாக ஒரு கிலோ ஈரத்துணி கூடுதலாக ஒட்டிக்கொண்டு, நிமிஷத்துக்கு 1000 சுற்று சுற்றினால், அது வெளியே இழுக்கிற இழுப்பு சுமார் 260 கிலோ எடைக்குச் சமம். வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசி ஆகிவிடும். அந்த இழுப்பில் பெரும்பகுதியை உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வாங்கிக்கொள்ளும், மிச்சம்தான் தரைக்கு வருகிறது. அப்படியானால் வேகத்தைக் குறைத்தால் போதுமே என்று 800 வைத்தேன். டம்ளர் சிந்தியது! 1000 வைத்தால் வெறும் அலைதான். 400 வைத்தால் அசைவே இல்லை, ஆனால் துணி சொட்டச் சொட்ட வரும்.

இது ஏன் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் உயரப் போகும். அதன் தாளத்துக்குப் பொருந்தாமல் தள்ளினால் பெரிய ஆள் தள்ளினாலும் போகாது. தரைக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. 800 சுற்று என்றால் விநாடிக்குப் பதின்மூன்று தள்ளு. எங்கள் தரையின் தாளம் அந்தப் பக்கத்தில் எங்கேயோ இருந்திருக்கிறது. எனவே நண்பருக்குச் சொன்னது: உங்கள் தரைக்கு எந்த வேகம் ஆகாது என்று டம்ளர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த வேகம்தான் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. மோசமான நாட்கள் எல்லாம் ஒற்றைப் போர்வை போட்ட நாட்கள். தனிப் போர்வை பந்தாகச் சுருண்டு ஒரு பக்கம் உட்கார்ந்துகொள்கிறது. கூடவே இரண்டு மூன்று துண்டு, உள்பாவாடை என்று சில்லறைத் துணி போட்டால் பரவி உட்காருகிறது. மெஷின் நடந்துபோன அந்த ராத்திரியில் என்ன போட்டோம் என்று யோசித்தால், அம்மாவின் மெத்தைமேல் விரிக்கிற வாட்டர்ப்ரூஃப் ஷீட். தண்ணீர் புகாத துணியை மெஷினில் போடவே கூடாது என்று மெஷினோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. அதன் மடிப்புக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்ளும், டிரம் துளை வழியே வெளியே போகாது, வேகம் எடுக்கும்போது ஒரேயடியாகப் பக்கம் மாறும். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இதைக் கவனியுங்கள். மெஷினே உடைகிற அளவுக்குப் போகலாம். அந்த ஷீட்டை அதற்குப் பிறகு கையால் அலசித்தான் போட்டோம்.

அடுத்து மெஷினின் உள்விவகாரம். ஃப்ரன்ட் லோடு மெஷின் வீட்டுக்கு வரும்போது பின்பக்கம் பெரிய போல்ட்டுகள் முடுக்கி வரும், எங்களுடையதில் நான்கு. வண்டியில் வரும்போது உள்ளே தொட்டி ஆடாமல் இருப்பதற்கு. வீட்டில் பொருத்தியதும் கழற்றிவிட வேண்டும், ஆனால் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நாக்பூரில் கழற்றினோம். பத்திரமாக வைத்தோமா? மாற்றலாகி வந்தபோது போல்ட் இல்லாமலே லாரியில் ஏற்றிவிட்டார்கள். நாக்பூரிலிருந்து ஷில்லாங் வரை, கடைசி நூறு கிலோமீட்டர் மலைச்சாலை, தொட்டி உள்ளே தலைவிரித்து ஆடியிருக்கிறது. கதவைத் திறந்து டிரம்மைக் கையால் அமுக்கிவிட்டுப் பார்த்தேன். நல்ல மெஷின் என்றால் ஒரு தடவை எழும்பி நின்றுவிடும். எங்களுடையது நான்கைந்து தடவை தலையாட்டியது. ஷாக் அப்சார்பர் போயே போச்சு. ஆர்டர் போட்டேன், ஊரடங்கில் அது வந்து சேர ஜூலை ஆகிவிட்டது. மாற்றியதும் ஆட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மாற்றலில் திரியும் பாங்க் ஜனங்கள் எல்லாம் இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஆனால் ஜூலை வரை காத்திருக்க முடியாதே. மே மாதம், தரைக்கு அடியில் போவது என்று முடிவு செய்தேன். வீடு காங்குடையது, அவரைக் கேட்டேன். அவர் தம்பியைக் கூப்பிட்டார். காசிக் குடும்பங்களில் சொத்து பெண்ணுக்கு என்றாலும் வீட்டுக் காரியத்தில் தாய்மாமன் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அவர் கட்டட வேலை தெரிந்தவர், வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். வந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒரே கேள்வி கேட்டார். "மெஷினை ஏன் அறையின் நடுவுல வச்சே?"

குழாய் அங்கேதான் பக்கம். பாத்ரூமில் சிமென்ட் தரை உண்டு, ஆனால் அந்த வாசலில் மெஷின் நுழையாது. அதனால் பாத்ரூமை ஒட்டி, இரண்டு வரிசைத் தூண்களுக்குச் சரியாக நடுவில் வைத்திருந்தேன். பலகைக்கட்டில் நடுவில் குதிப்பதற்கும் கால் பக்கம் குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். தரையில் ஆணி வரிசையைப் பார்த்தாலே அடியில் சட்டம் எங்கே ஓடுகிறது என்று தெரியும், அதை அவர்தான் காட்டினார். அந்தச் சட்டங்கள் இக்ரா சுவரோடு நிற்கவில்லை. சுவருக்கு அடியில் புகுந்து நேரே மெய்ராட்டின் கட்டிலுக்குக் கீழே போகின்றன. நாங்கள் ஒரு முனையில் தட்டினால் அந்தம்மாவுக்கு மறுமுனையில் கேட்காமல் என்ன செய்யும்.

ஒரு ஞாயிறு காலை இருவரும் தவழ்ந்து போனோம். நாற்பத்து மூன்று வயதில், தொந்தியோடு. சிலந்தி, ஈர மண், முன்னொரு காலத்தில் குடியிருந்தவர்கள் பலகை இடுக்கில் தவறவிட்ட இருபது பைசா ஒன்று. தட்டையான கல்லைப் பதித்து, அதன்மேல் ஒரு சால் மரத்துண்டை நிறுத்தி, சட்டத்துக்கும் அதற்கும் நடுவே இரண்டு ஆப்பை எதிரெதிராகச் செருகினோம். நான் உற்சாகத்தில் ஓங்கி அடிக்கப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கி அடித்தால் தரை மேலே தூக்கிக்கொள்ளும், தொட்டுக்கொண்டு நின்றால் போதும் என்றார். இப்படி மூன்று முட்டு.

மேலே மெஷினை அறை மூலைக்குத் தள்ளினோம், தூண் வரிசைக்கு நேர் மேலே. அதற்கு அடியில் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் இரண்டு தட்டை ஒன்றோடொன்று திருகாணி போட்டு, மூன்று சட்டங்களின் மேல் பாரம் விழும்படி குறுக்காகப் படுக்கவைத்தோம். ரப்பர் பாதங்களைக் கழற்றி எறிந்தேன். மேஸ்திரிகள் வைத்திருக்கும் ரசமட்டம் வைத்து நான்கு காலையும் திருகிச் சமன் செய்து, அடி நட்டை இறுக்கினோம். இந்த நட்டை இறுக்க எல்லாரும் மறந்துவிடுவார்கள், ஒரு வாரத்தில் கால் தானாகச் சுழன்று மறுபடி ஆட ஆரம்பிக்கும். குழாய் எட்டவில்லை. நீளமாக ஒன்று கடை திறந்த பிறகுதான் கிடைத்தது, அதுவரை பக்கெட்டால் ஊற்றினோம்.

டம்ளரில் சின்ன அலை மட்டும். காங் தன் பக்கம் போய் அலமாரியில் காது வைத்துவிட்டு வந்து தலையாட்டினார். எனக்கு சி.ஏ.ஐ.ஐ.பி. பாஸ் பண்ணினபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

சுத்தமாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். மரத்தரையில் அது ஆகாது. பீங்கான் சத்தம் போய்விட்டது, தரையில் கால் வைத்தால் லேசான நடுக்கம் இருந்தது. எனவே நேரத்தை மாற்றினோம். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீரைப் பிடித்து டிரம்மில் வைத்துக்கொண்டு காலை பதினோரு மணிக்கு மெஷின். ஸ்பின் ஆரம்பிக்கும் முன்னால் தங்கமணி சுவரைத் தட்டி "காங், மெஷின்!" என்று குரல் கொடுப்பாள். மெய்ராட் ஓடுவது நின்றது. அம்மாவின் சொம்பு காலியாக ஆரம்பித்தது. வெயிலடிக்கும் நாட்களில் இரண்டு கிழவிகளும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். அம்மாவுக்குத் தமிழ், அந்தம்மாவுக்குக் காசி. க்வாய் மட்டும் பொது. அம்மா பாக்கைக் கால்வாசியாக நறுக்கிப் போடப் பழகிக்கொண்டாள்.

மாதங்கள் போகப் போக, சுவரைத் தட்டுவதை விட்டுவிட்டோம். தேவையில்லை என்று ஆகிவிட்டது.

2021 ஏப்ரல் 28, புதன்கிழமை. காலை 7.51. நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் கூரைத் தகரம் சத்தம் போட்டது, அப்புறம் வீடு மொத்தமாக வலதும் இடதுமாகப் போனது. அஸ்ஸாமில் சோனித்பூர் பக்கம் மையம், 6.4 என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். மகள் வாக்கரை எடுக்க ஓடினாள். நான் அதை விடு என்று கத்திவிட்டு அம்மாவை அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். தெருவே வெளியே நின்றது. காங், அவர் பிள்ளைகள், தம்பி, எல்லாரும். மெய்ராட் இல்லை.

காங் உள்ளே ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். மெய்ராட் கையில் டீ டம்ளர் அப்படியே இருந்தது. முகத்தில் பயமே இல்லை. என்னைப் பார்த்துக் காசியில் நாலு வார்த்தை விளாசினார். காங்குக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "இந்த நேரத்துல மெஷின் போடமாட்டேன்னு சொன்னியே, ஏன் போட்டேன்னு கேக்கறாங்க" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அடுத்தடுத்துச் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டே இருந்ததால் வெகுநேரம் வெளியிலேயே நின்றோம். எனக்குச் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. எழுபது வருஷமாக அந்தம்மாவை எழுந்து ஓட வைத்துக்கொண்டிருந்த ஒன்றை, ஒரே வருஷத்தில் உட்கார வைத்துவிட்டோமே என்று இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவள் உள்ளே போனதும் பூஜை அலமாரியிலிருந்து கைமணியை எடுத்துத் தங்கமணியிடம் கொடுத்தாள். "மெஷினு சுத்துததுக்கு முன்னாடி இத அடிக்கணும். அடிக்காம ஆடுச்சுன்னா ஓடணும்னு அவகிட்ட சொல்லச் சொல்லு."

காங் மொழிபெயர்த்துச் சொன்னார். மெய்ராட் மணியை வாங்கி ஒரு தடவை தானே அடித்துக் கேட்டுக்கொண்டார். 2022-ல் நாங்கள் கிளம்பும்வரை ஒரு நாளும் மணி தவறவில்லை. தங்கமணி மறந்தால் அம்மா உள்ளிருந்து குரல் கொடுப்பாள்.

இப்போது ராய்ப்பூரில் மூன்றாவது மாடி, கான்க்ரீட் தரை. அம்மா தம்பியோடு ஆறுமுகநேரியில். மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிய நான்கு போல்ட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மெஷின் முதுகிலேயே ஒட்டியிருக்கிறது.

சிம்லா நண்பருக்கு மாடி வீடு என்பதால் முட்டுக் கொடுக்க வழியில்லை. மூலைக்குத் தள்ளுங்கள், ப்ளைவுட் போடுங்கள், ரப்பரைக் கழற்றுங்கள், கீழ்வீட்டில் வயதானவர்கள் உண்டா என்று கேட்டுவையுங்கள் என்று எல்லாம் சொல்லிவிட்டு, எதற்கும் மெஷினுக்குப் பின்னால் ஒரு தடவை பாருங்கள் என்றேன். நேற்று ராத்திரி போன். பார்த்தாராம். லாரிக்காக முடுக்கிய நான்கு போல்ட்டும் கழற்றாமலே இருந்ததாம்.

"ஒரு மாசமா அப்படியே ஓட்டிட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றார்.